செயற்கை நுண்ணறிவும் நெய்வேலிச் சிறுதொழிலும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நெய்வேலியைச் சுற்றியுள்ள சிறுதொழில்களைப் பெரும்பாலும் இரண்டு வகையில் அடக்கிவிடலாம். சுரங்கத்தையும் அனல்மின் நிலையங்களையும் நம்பி நடப்பவை ஒரு வகை: கன்வேயர் உருளைகளைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள், வெல்டிங் பட்டறைகள், அனல்மின் சாம்பலில் செங்கல் செய்யும் கூடங்கள், சிறு ஒப்பந்ததாரர்கள். அங்கே வேலை பார்ப்பவர்களின் சம்பளத்தை நம்பி நடப்பவை இன்னொரு வகை: நகரியத்தின் மெயின் பஜார் ஜவுளிக்கடை முதல் மந்தாரக்குப்பம் மளிகைக்கடை வரை. இரு வகையினரிடமும் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) பற்றிய பேச்சு வந்துவிட்டது. கூடவே தவறான நம்பிக்கைகளும் வந்திருக்கின்றன. இவற்றை நம்பித் தேவையில்லாததை வாங்கிப் பணத்தை விடுவது ஒரு நட்டம். கையெட்டும் தூரத்தில் இருக்கும் பயனைத் தொடாமலே ஒதுங்கிவிடுவது அதைவிடப் பெரிய நட்டம்.

“அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான்”

மளிகைக்கடையில் அடுக்கியிருக்கும் அரிசி மூட்டைகளில் ‘சார்டெக்ஸ்’ என்று அச்சிட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். 1947இல் லண்டனில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயர் அது. இன்று நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்ட எந்த அரிசிக்கும் அதுவே பெயராகிவிட்டது. அந்த இயந்திரத்தில் அரிசி சரிவான தகட்டில் வழுக்கிக் கேமராவுக்கு முன்னால் விழும். கறுத்த அரிசியோ கல்லோ கண்ணில் பட்டால், அது விழுந்துகொண்டிருக்கும்போதே ஒரு காற்றுக்குழாய் பீச்சியடித்து அதை மட்டும் வெளியே தள்ளிவிடும். பார்ப்பது, தீர்மானிப்பது, செய்வது என மூன்றையும் இயந்திரமே செய்கிறது. தமிழ்நாட்டின் நடுத்தர அரிசி ஆலைகள்கூட இதைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகின்றன.

டீக்கடை மேசையில் இருக்கும் யுபிஐ ஒலிப்பெட்டியும் தானியக்கம்தான். அதற்குள் தனி சிம் இருக்கிறது. பணம் வந்த செய்தி வாடிக்கையாளரின் போனிலிருந்து அல்ல, பணப்பரிமாற்ற நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகிறது. அதனால்தான் போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்ற நினைப்பவரை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒரே ஒரு வேலை, அதையும் கடைக்காரருக்குப் புரியும் மொழியில் செய்கிறது. சிறுகடைக்கு வரும் எந்தக் கருவியையும் முதலில் இந்த அளவுகோலால்தான் பார்க்க வேண்டும்.

“வாங்கி வைத்தால் தானாக ஓடும்”

இந்த நம்பிக்கைக்கு மறுப்பு நெய்வேலியின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1957 மே மாதம் ஜவஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. தோண்டுவதற்கு ஜெர்மானியத் தொழில்நுட்பத்தில் பக்கெட் வீல் (வாளிச் சக்கர) இயந்திரங்கள் வந்தன. ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரிக்கு மேலே இருக்கும் மண் இளக்கமானது. நெய்வேலியில் கரிக்கு மேலே கிடப்பதோ கடலூர் மணற்கல்; கெட்டியானது, இரும்பையும் தேய்க்கக்கூடியது. வாளிகளின் பற்கள் வேகமாகத் தேய்ந்தன. வெடிவைத்து மண்ணை இளக்கிய பிறகே தோண்டுவது என்று முறை மாறியது, பற்களும் மாற்றியமைக்கப்பட்டன. கரிப் படுகைக்கு அடியில் மேல்நோக்கி அழுத்தும் ஊற்றுநீரையும் இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்த நிலத்தை அறிந்தவர்கள் கூட நின்றதால்தான் அந்த இயந்திரங்கள் இங்கே பலன் தந்தன.

கடைக்கு வாங்கும் மென்பொருளின் நிலையும் இதுதான். எந்தச் சரக்கு எப்போது தீரும் என்று முன்கூட்டிச் சொல்லும் வசதி இன்று பல பில்லிங் மென்பொருள்களில் வருகிறது. அது கணிப்பது பழைய பில்களை வைத்து. பில் போடும் பையன் ஒருநாள் ‘ஜீனி’ என்றும், மறுநாள் ‘சர்க்கரை’ என்றும், அவசரத்தில் ‘சுகர்’ என்றும் தனித்தனிப் பெயரில் பதிந்திருந்தால் இயந்திரத்தின் கணக்கில் அவை மூன்று சரக்குகள். மூன்றுமே மந்தமாக விற்பதாகத்தான் அது சொல்லும். பில்லே போடாமல் கடன் நோட்டில் எழுதிய வியாபாரம் அதன் கண்ணில் படவே படாது.

ஊர் நடப்பும் அதற்குத் தெரியாது. வடலூர் தைப்பூச ஜோதி தரிசனத்துக்கு வரும் கூட்டத்தால் சுற்றுவட்டாரக் கடைகளில் வியாபாரம் ஏறும். தைப்பூசம் 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1. ஆங்கிலத் தேதியை மட்டும் பார்த்து 2025 விற்பனையை 2026க்கு நீட்டும் மென்பொருள், கூட்டம் கலைந்த பிறகு சரக்கு ஏற்றச் சொல்லும். போனஸ், ஆனி-ஆடி முகூர்த்தக் கணக்கு, சம்பள நாள் ஆகியவற்றைக் கடைக்காரர்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். ஆகவே முதல் ஆறு மாத வேலை மென்பொருளுக்கு அல்ல, கணக்கை ஒழுங்குபடுத்தும் ஆளுக்குத்தான்.

“தானியக்கம் என்றால் ஏஐ வாங்க வேண்டும்”

சுரங்கத்துக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் பொருள் செய்து கொடுக்கும் பட்டறைகளுக்கு உள்ள பெரிய நோய் பில் பணம் இழுத்தடிப்பது. அதற்கு ஏஐ தேவையே இல்லை, நாளைக் கணக்கிட்டு நினைவூட்டும் ஒரு எக்செல் அட்டவணை போதும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தர எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தாலும், பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக. பொருள் இறங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாளாகிவிடும். உரிய காலத்துக்குள் தராத தொகையை, அதைக் கொடுக்கும் வரை வாங்கியவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது.

இவ்வளவு பலம் சட்டத்தில் இருந்தும் பல பட்டறைகளில் டெலிவரி சலான் ஒரு கம்பியில் குத்திக் கிடக்கிறது. இறக்கிய தேதி, பில் எண், 45ஆம் நாள் என மூன்று பத்திகள், 30ஆம் நாளில் தானாகப் போகும் ஒரு மின்னஞ்சல் ஆகியவை போதும். ஒரு பட்டறைக்குச் சாட்பாட்டைவிட நூறு பங்கு உதவும் தானியக்கம் இதுதான்.

“மெஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்”

சரளமாகப் பேசுவது வேறு, சரியாகப் பேசுவது வேறு. சாட்ஜிபிடி போன்றவை அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுபவை. எந்தக் காலத்துத் தரவில் பயிற்சி பெற்றனவோ அந்தக் காலத்து உண்மையே அவற்றின் நினைவில் நிற்கும். ஜிஎஸ்டியில் 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு 12, 28 சதவீத அடுக்குகள் நீங்கின. நெய் 12இலிருந்து 5க்கும், சிமெண்ட் 28இலிருந்து 18க்கும் இறங்கின. பழைய நினைவில் இருக்கும் கருவி சிமெண்டுக்கு 28 என்று தயங்காமல் சொல்லும். அதை நம்பிப் போட்ட பில்லுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்.

டெண்டரில் இன்னும் நுட்பமான ஆபத்து உண்டு. நூறு பக்கத்துக்கு மேல் ஓடும் ஆங்கில ஆவணத்தைத் தமிழில் சுருக்கித் தரச் சொல்வது உண்மையிலேயே நல்ல பயன். பலருக்கு அது கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் “உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனப்) பதிவு இருக்கிறது, இஎம்டி (முன்வைப்புத் தொகை) கட்ட வேண்டுமா?” என்று கேட்டால் பொதுவாக “விலக்கு உண்டு” என்றே பதில் வரும். அந்த விலக்கு 2012ஆம் ஆண்டின் பொதுக்கொள்முதல் கொள்கையிலிருந்து வருவது. உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் உரியது. வாங்கி விற்கும் வணிகருக்கு 2021 முதல் உத்யம் பதிவு கிடைத்தாலும், அது முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே. நட்டு போல்ட்டை வாங்கி விற்கும் கடைக்காரர் இஎம்டி கட்டாமல் விலை கொடுத்தால், விலைப்புள்ளி தள்ளுபடியாகும் வாய்ப்பே அதிகம். ஆகவே தேதி, தொகை, விலக்கு ஆகிய மூன்றையும் மூல ஆவணத்தில் விரல் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்குத் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட்டுக்கும் இது பொருந்தும். ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்னது. சாட்பாட் சொன்னதற்குத் தான் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதிட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்க மறுத்து, பயணிக்கு இழப்பீடு தரச் சொன்னது. சுரங்கங்களில் கன்வேயர் பெல்ட் நெடுக ஒரு கயிறு ஓடும். எங்கே நிற்கும் தொழிலாளியும் அதை இழுத்தால் பெல்ட் நின்றுவிடும். கடையின் சாட்பாட்டுக்கும் அப்படி ஒரு கயிறு வேண்டும்: விலை, தள்ளுபடி, திரும்பப் பெறுதல் பற்றிய கேள்வி வந்தால் அது தானாகப் பதில் சொல்லாமல் ஆளிடம் தள்ளிவிட வேண்டும்.

“தமிழில் கேட்டால் புரியாது”

இது பழைய கதை. மத்திய அரசின் மொழிபெயர்ப்புத் தளமான பாஷினி 2022இல் தொடங்கியது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கான கருவிகளைத் திறந்த முறையில் வெளியிட்டுவருகிறது. எழுத்துத் தமிழ் இன்று நன்றாகவே புரிகிறது. குறை பேச்சுத் தமிழில் இருக்கிறது. கடை இரைச்சலில் “ஒண்ணேகால் கிலோ” என்று சொல்வது ‘ஒன்று’ என்று பதிவாகலாம். குரலில் வாங்கும் ஆர்டரை எழுத்தில் திருப்பிக் காட்டி ஒப்புதல் வாங்குவது அவசியம்.

“ஆளுக்கு வேலை போய்விடும்”

இதில் பாதி உண்மை, அதை மறைப்பது நேர்மையல்ல. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரிப் பருப்பை உரிப்பதும் தரம் பிரிப்பதும் ஏராளமான பெண்களின் பிழைப்பு. நிறம் பிரிக்கும் கேமரா இயந்திரம் வரும் கூடத்தில் தரம் பிரிக்கும் வேலை குறையவே செய்யும். உடையாத பருப்பை விரலால் தடவி உணரும் வேலையும், ஒட்டிய தோலைக் கீறாமல் எடுக்கும் வேலையும் அவ்வளவு எளிதில் போகாது. லேத் பட்டறையில் ஒரே அளவில் நூறு உருப்படி கடைவதைக் கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரம் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தேய்ந்து வரும் பழைய உருளைத் தண்டைச் சீராக்குவது டர்னரிடமே இருக்கும். எந்த வேலை போகும், எது நிற்கும் என்பதை முதலாளி தொழிலாளியிடம் முன்பே சொல்ல வேண்டும். இயந்திரத்தை ஓட்டப் பழக்கும் முதல் ஆள், அந்த வேலையைக் கையால் செய்துவந்தவராகவே இருக்க வேண்டும். கெட்ட பருப்பு எது என்று கண்டவுடன் சொல்லக்கூடியவர் அவர்தான்.

“ஓசி ஆப்தானே, என்ன போகப்போகிறது?”

வாடிக்கையாளரின் பெயர், போன் எண், வாங்கிய கணக்கு எல்லாம் போகலாம். அவற்றை இலவசச் செயலிகளில் கொட்டுவதற்கு முன், 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். டெண்டருக்குப் போடும் விலையை ஏஐயிடம் கேட்டுச் சரிபார்ப்பவர்கள், அந்த உரையாடல் பயிற்சிக்குப் பயன்படுகிறதா என்று செட்டிங்கில் பார்த்து அணைத்துவிடுவது நல்லது. இன்னொன்று, இலவசச் செயலி ஒருநாள் கடையை மூடிவிடலாம். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருந்தாக வேண்டும். செயலி போய்விட்டது என்பது அதிகாரியிடம் சொல்லக்கூடிய காரணமாகாது. மாதம் ஒருமுறை மொத்தக் கணக்கையும் இறக்கி, கடையின் சொந்த ஹார்ட் டிஸ்கில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக இரண்டு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி இறக்கும் வசதி இல்லாத செயலியை வாங்கவே கூடாது.