இரு சகோதரரும் விளையாட்டுப் பாதரட்சைத் தொழிலும்

ஒற்றுமையினாலேயே தொழில் ஓங்கும் என்பது பெரியோர் கொள்கை. ஆயினும், பிளவுபட்ட ஒரு குடும்பத்தினின்று உலகெங்கும் பரவிய தொழிலும் ஒன்றுண்டு. அதன் வரலாறு மாணவர் சிந்தித்தற்குரியது.

ஜெர்மனி தேசத்துப் பவேரியா மாகாணத்தில் ஹெர்ட்சோகெனௌராக் என்னும் சிற்றூர் உளது. முதல் உலக யுத்தம் முடிந்தபின், அவ்வூரினரான அடால்ப் டாஸ்லர் என்னும் இளைஞர், தம் அன்னையார் துணி வெளுத்துவந்த அறையிலே பாதரட்சை செய்யத் தொடங்கினார். பின்னர்த் தமையனார் ருடால்பும் உடன் சேர, 1924-ஆம் ஆண்டில் இருவர் பெயராலும் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. இளையவர் கைத்தொழிலில் வல்லவர். மூத்தவர் விற்பனையில் சமர்த்தர். 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் பந்தயங்களில் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்ற அமெரிக்க வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் இவர்கள் செய்த பாதரட்சையை அணிந்து ஓடினார்.

இரண்டாம் யுத்த காலத்தில் இருவரிடையே ஐயமும் மனக்கசப்பும் முற்றின. 1948-ஆம் ஆண்டில் சகோதரர் பிரிந்தனர். தமையனார் ‘பூமா’ என்னும் நிறுவனத்தைக் கண்டார். தம்பியோ, ‘அடி’ என்னும் தம் செல்லப்பெயரோடு குலப்பெயரின் முற்பகுதியையும் கூட்டி, 1949-இல் ‘அடிடாஸ்’ என்பதைப் பதிவு செய்தார். ஊரும் இரண்டுபட்டது. எதிர்ப்படுவோர் முகம் நோக்குமுன் காலணியை நோக்கினராதலின், ‘குனிந்த கழுத்தினர் ஊர்’ என்று அதற்குப் பெயராயிற்று.

இப்பகைமை தொழிலுக்கு உரமாயிற்று என்பதை மறுத்தல் இயலாது. ஒருவர் புதுமை செய்யின், மற்றவர் வாளா இரார். 1954-ஆம் ஆண்டு உலகக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் மழையில் நிகழ்ந்தது. அடிக்குமிழ்களைத் திருகி மாற்றத்தக்க அடிடாஸ் காலணிகளுடன் ஆடிய மேற்கு ஜெர்மனியர், ஹங்கேரியரை 3-2 என வென்றனர். 1970-ஆம் ஆண்டுக் கோப்பையிலோ, பிரேசில் வீரர் பெலே பூமா அணிந்து ஆடினார்.

நிற்க, இவ்வெற்றியின் விலை யாது? ருடால்ப் 1974-இலும் அடால்ப் 1978-இலும் மறைந்தனர். ஒரே கல்லறைத் தோட்டத்தின் வெவ்வேறு கோடிகளில் அவர்கள் அடக்கம் செய்யப்பெற்றனர். 1989-இல் பூமாவின் பெரும்பங்கை ருடால்பின் மைந்தரும், 1990-இல் அடிடாஸை அடால்பின் புதல்வியரும் அயலாருக்கு விற்றனர். எவ்வுரிமைக்காகச் சகோதரர் பிணங்கினரோ, அவ்வுரிமை இரு கிளையினர்க்கும் இல்லாதொழிந்தது. 2009-இல் இரு நிறுவனத்து ஊழியரும் ஒருங்கு கூடிப் பந்தாடி நட்புக் கொண்டாடினர். அதனைக் காண அவ்விருவரும் இலர்.

போட்டி தொழிலை வளர்க்கும். பகைமையோ குடும்பத்தைச் சிதைக்கும். இரண்டனையும் ஒன்றெனக் கருதி மயங்காதிருத்தலே அறிவுடைமையாம்.