ஆப்பிரிக்க ஏரி மீன்களை வளர்த்தல்

கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப்படும் மீன்களுள் ஆப்பிரிக்க ஏரிகளுக்குரிய சிக்லிட் இனங்கள் நிறத்தாலும் குணத்தாலும் தனிச் சிறப்புடையன. ஆயினும், இவற்றை ஆவலோடு வாங்குவோருள் பலர் சின்னாட்களிலேயே இழந்து வருந்துகின்றனர். அதன் காரணம் யாதென ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, நீரை நோக்குவோம். பி.எச். அளவில் 7 என்பது நடுநிலை. மலாவி ஏரியின் நீர் ஏறக்குறைய 7.7 முதல் 8.6 வரையுள்ள காரத்தன்மையுடையது. தாங்கனிக்கா ஏரியின் நீர் 9-ஐ அணுகுவது. சுண்ணாம்புக்கல், பவளத்துணுக்கு முதலியவற்றைத் தொட்டியிலிடின் அத்தன்மை நிலைபெறும். ஆனால் இங்கு ஓர் இடர் உண்டு. மீன்களின் கழிவினின்று தோன்றும் அமோனியா, கார நீரில் மிகக் கொடிய நஞ்சாகும். நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுவன. அவை பெருகுவதற்குச் சில வாரங்கள் வேண்டும். ஆதலின், புதுத் தொட்டியில் முதல் நாளே மீன்களை நிரப்புதல் அவற்றைக் கொல்லுதற்கு ஒப்பாகும். நுண்ணுயிர்கள் நிலைபெற்ற பின்னரும் வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் நலம். வெப்பம் 25 பாகை செல்சியஸை ஒட்டி இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, உணவு. மலாவி ஏரியில் 'ம்பூனா' எனப்படும் பாறை மீன்களிற் பெரும்பாலான, பாறைமேற் படியும் பாசியைச் சுரண்டியுண்டு வாழ்வன. இவற்றிற்கு ஊனுணவை மிகுதியாக அளிப்பின் வயிறு வீங்கி மடியும். தாவர உணவே ஏற்றது. அதனையும் சிறிது சிறிதாகவே இடல் வேண்டும்.

மூன்றாவது, குணம். ஆண் மீன் தனக்கென ஓரிடம் வகுத்து, பிறவற்றைத் துரத்தும். ஆகவே, ஓர் ஆணுக்குப் பல பெண் மீன்கள் இருத்தலும், ஒளிவதற்குக் கற்குகைகள் பல அமைத்தலும் இன்றியமையாதன. கற்களை மணல்மேல் வைத்தலாகாது. மீன்கள் மணலைத் தோண்டுங்கால் அவை சரிந்துவிழும். தொட்டியின் அடித்தளத்திற் கற்களை அமைத்த பின்னரே மணலிடுக.

இம்மீன்களின் தாயன்பு வியக்கத்தக்கது. ம்பூனாத் தாய், முட்டைகளைத் தன் வாயிலேற்று, ஏறக்குறைய மூன்று வாரம் பெரும்பாலும் உண்ணாதிருந்து குஞ்சுகளைக் காக்கும். அக்காலத்தில் அதனை வலையிட்டு அலைத்தலாகாது.

இறுதியாக ஒன்று கூறுவோம். விக்டோரியா ஏரியில் 1950-களில் நைல் பெர்ச் என்னும் பெருமீன் விடப்பட்டது. 1980-களில் அங்கிருந்த சிக்லிட் இனங்கள் மிகப்பல அருகின, பல மறைந்தன. அவற்றுட் சில இன்று தொட்டிகளிலேயே எஞ்சியுள்ளன. ஆதலின், நெருங்கிய இனங்களைக் கலவாது பேணுதல் வளர்ப்போர் கடமை. வேண்டாத மீனை ஏரி குளங்களில் விடுதல் பெருந்தவறு. 1952-ஆம் ஆண்டு இந்தியாவிற்குக் கொணரப்பட்ட ஜிலேபி மீனும் ஆப்பிரிக்கச் சிக்லிட்டே. அது நம் நீர்நிலைகளிற் பரவி, நாட்டு மீன்களின் இடத்தைக் கவர்ந்துகொண்டமை நாம் கண்கூடாகக் காண்பதன்றோ? தொட்டியில் அழகாயிருப்பது குளத்தில் அழிவாகலாம். அதனையுணர்ந்து வளர்ப்பவரே மீன் வளர்க்கத் தக்கவர்.