கோடை விடுமுறையும் பொருளறிவியல் ஆராய்ச்சியும்

உலோகம், பீங்கான், பிளாஸ்டிக் முதலியவற்றின் உள்ளமைப்புக்கும் வலிமைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறை பொருளறிவியல். இதனை வகுப்பறையில் மட்டும் கற்றுத் தேற இயலாது. இளநிலைப் பொறியியல் மாணவர் கோடை விடுமுறையில் எட்டு வாரங்கள் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிவது இக்குறையைப் பெரிதும் போக்கும்.

மும்பையில் மாஹிம் வட்டாரம் இதற்கு ஏற்ற களமாகும். அண்டையிலுள்ள மாதுங்காவில், 1887-இல் நிறுவப்பெற்ற வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகமும், 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தோன்றி 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான வேதித் தொழில்நுட்பக் கழகமும் உள்ளன. மாஹிம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, தாராவியில், பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து, அரைத்து, உருக்கிக் குருணையாக்கும் சிறு பட்டறைகள் பல இயங்குகின்றன.

இத்தொழிலின் சிக்கல்களே சிறந்த ஆய்வுப் பொருள்கள். பாலிபுரோப்பிலீன் நீரில் மிதக்கும்; பி.வி.சி. மூழ்கும். எனவே இவ்விரண்டையும் நீர்த் தொட்டியிலேயே பிரித்துவிடலாம். ஆனால் பி.வி.சி.யும் குடிநீர்ப் புட்டிகள் செய்யப்படும் பெட் பிளாஸ்டிக்கும் ஏறத்தாழ ஒரே அடர்த்தி உடையவை, இரண்டுமே மூழ்கும். பெட் உருகுவதற்குச் சுமார் 250 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதில் கலந்துள்ள பி.வி.சி. அவ்வெப்பத்தில் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும். பொருளின் தரமும் கெடும். தொழிலாளரின் உடல்நலமும் கெடும். பாலிபுரோப்பிலீனோ, உருக்கப்படும் ஒவ்வொரு முறையும் மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறுபட்டு வலிமை குன்றுகிறது. அதனை எத்தனை முறை உருக்கலாம் என்பதை, உருகியோடும் வேகத்தையும் இழுவலிமையையும் அளந்து, ஒரு மாணவர் எட்டு வாரங்களில் கண்டறிய முடியும்.

பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதமி உள்ளிட்ட மூன்று அறிவியல் அகாதமிகள் கூட்டாக நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டத்தில், தேர்வு பெறும் மாணவருக்கு இரு மாதங்களுக்கு உதவித் தொகை உண்டு. விண்ணப்பங்கள் கோடைக்குப் பல மாதங்கள் முன்னரே கோரப்படுகின்றன.

ஆயினும், பொருளாதார நோக்கில், உதவித் தொகை ஒன்றே போதுமானதன்று. விடுமுறையில் வேலைக்குச் சென்று குடும்பத்துக்கு ஈட்டித் தரும் வருவாயை இழப்பதும் ஏழை மாணவருக்குச் செலவேயாகும். வெளியூர் எனில் தங்கும் செலவும் சேரும். தகுதியிருந்தும் சிலர் ஒதுங்கி நிற்பதற்கு இதுவே காரணம்.

இந்நிலை மாற மூன்று நடவடிக்கைகள் தேவை. கல்லூரிகள் முதலாண்டிலேயே இவ்வாய்ப்புகளை மாணவருக்கு அறிவிக்க வேண்டும். உதவித் தொகையின் முதல் தவணை, பணி தொடங்கும் நாளிலேயே கையில் சேர வேண்டும். பட்டறையின் சிக்கலை அருகிலுள்ள ஆய்வுக்கூடத்திலேயே ஆராய வகைசெய்தால், மாணவர் வீட்டிலிருந்தே சென்று வரலாம். தொழிலுக்கும் அதன் பயன் நேரே கிட்டும்.