புளி போட்டுத் தேய்க்காதீங்க!

தாத்தா பெட்டியில் பழைய செப்புக்காசு கிடைத்தால் முதல் வேலையாகப் புளி போட்டுத் தேய்ப்போம். பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, ஒற்றி உலர்த்தினால் போதும். அறை விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். தேய்ந்த உருவம் நிழலில் எழும்பும். ஒரு பக்கம் நிற்கும் மனிதர், மறுபக்கம் அமர்ந்தவர், கையருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்றிருந்தால் சோழர் காசு. அபூர்வம் என்று துள்ள வேண்டாம், ஏராளமாகக் கிடைப்பதுதான்.

ராமர் பட்டாபிஷேகம், பின்னால் '1818 கிழக்கிந்தியக் கம்பெனி' என்றால் சந்தேகமே வேண்டாம், பிற்காலப் போலி. கம்பெனி அப்படி அச்சிடவே இல்லை. லட்சம் தருகிறேன் என்பவரிடம் முன்பணம் கட்டி ஏமாறாதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூர் அருங்காட்சியகம் போகலாம். முடிச்சூர்ப் பக்கம் அஸ்திவாரம் தோண்டும்போது காசுக்குவியல் கிடைத்தால் மட்டும் கதை வேறு: 1878 புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே செங்கல்பட்டு கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

சேமிக்க பிவிசி உறை வேண்டாம், நம்மூர்ப் புழுக்கத்தில் காசைப் பச்சையாக்கிவிடும். அமிலமில்லாக் காகித உறையே நல்லது.