வீடியோ கேமரா வாங்கலாமா? கூடிப் பேசி முடிவெடுப்போம்



"ஆண்டு விழா, பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து எல்லாத்தையும் நாமளே வீடியோ எடுத்துக்கலாமே, கூட்டமைப்புல ஒரு கேமரா வாங்கினா என்ன?" என்று போன மாதக் கூட்டத்தில் சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் போடப் போவது நம் சேமிப்புப் பணம். கறவை மாடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம், கறந்தும் பார்க்கிறோம். கேமராவையும் அப்படிச் சோதித்துத்தான் வாங்கணும்.

நாங்கள் படித்த பாடம்

சில வருடங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்துக்குச் சிறிய வீடியோ கேமரா ஒன்று வாங்கினோம். "எவ்வளவு தூரத்தையும் கிட்ட இழுக்கும்" என்று கடைக்காரர் சொன்னதில் மயங்கிவிட்டோம். அடுத்த கூட்டத்திலேயே நம் மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியதைப் பதிவு செய்தோம். முதல் கடனுக்காக வங்கிக்கு நடையாய் நடந்த கதையைச் சொன்னார். கேட்ட எல்லோருக்கும் கண் கலங்கியது.

பிறகு போட்டுப் பார்த்தால் படம் பளிச்சென்று இருந்தது. பேச்சுதான் புரியவில்லை. ஃபேன் சத்தம்தான் கேட்டது. இன்னொரு நாள் எடுத்துக்கலாம் என்று இருந்துவிட்டோம். அதற்குள் அவர் காலமாகிவிட்டார். "அம்மா பேசினது இருக்கா?" என்று அவர் மகள் கேட்டபோது எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. முகம் இருக்கிறது, குரல் இல்லை.

ஆகவே எங்கள் அனுபவத்தில் சொல்கிறோம்: முதலில் சத்தத்தைப் பாருங்கள், அப்புறம் படத்தைப் பாருங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. மைக்: ஜூம் படத்தைத்தான் கிட்டே கொண்டுவரும், குரலைக் கொண்டுவராது. கேமரா தூரத்தில் இருந்தால் அதிலுள்ள மைக்கும் தூரத்தில்தான் இருக்கும். எனவே வெளி மைக் சொருகத் துளை இருக்கிறதா என்று கேளுங்கள். சேலையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக் ஒன்று இருந்தால் பேச்சு தெளிவாகப் பதியும். இயர்போன் சொருகும் துளையும் இருந்தால், எடுக்கும்போதே கேட்டுப் பார்க்கலாம்.

2. ஜூம்: இதில் இரண்டு வகை. லென்ஸ் நகர்ந்து பெரிதாக்குவது ஆப்டிகல் ஜூம், படம் கெடாது. எடுத்த படத்தையே இழுத்துப் பெரிதாக்குவது டிஜிட்டல் ஜூம். படம் கட்டம் கட்டமாக உடையும். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண் எந்த ஜூமுக்கு என்று கேளுங்கள்.

3. மெமரி கார்டு: ஃபுல் எச்.டி. படத்தை 17 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 8 ஜி.பி. இடம் பிடிக்கும். 32 ஜி.பி. கார்டில் ஏறக்குறைய 4 மணி நேரம் எடுக்கலாம். 4கே-யில் எடுத்தால் இடம் சீக்கிரம் தீரும். நம் தேவைக்கு ஃபுல் எச்.டி. போதும்.

4. எடிட்டிங்: எடுத்ததை வெட்டி ஒட்டினால்தான் அடுத்தவர் உட்கார்ந்து பார்ப்பார்கள். கடையிலேயே ஒரு நிமிடம் எடுத்து, அதை நம் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். திக்கித் திக்கி ஓடினால் எடிட்டிங் செய்வது கஷ்டம். ஓப்பன்ஷாட், ஷாட்கட் போன்ற எடிட்டிங் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

5. பழைய கேசட் கேமரா: மினி டி.வி. கேசட் கேமரா குறைந்த விலைக்கு வந்தாலும் அவசரப்படாதீர்கள். 60 நிமிடக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற அதே 60 நிமிடம் ஆகும். அதற்கு வேண்டிய ஃபயர்வயர் இணைப்பும் புதுக் கம்ப்யூட்டர்களில் இருப்பதில்லை.

6. ஸ்டாண்டு, கூடுதல் பேட்டரி, மைக், கார்டு எல்லாம் சேர்த்தே விலை கணக்கிடுங்கள். பில், உத்தரவாத அட்டை இரண்டும் கூட்டமைப்பு பேரில் இருக்கட்டும்.

கையில் இருப்பதைப் பாருங்கள்

இன்று வீட்டு உபயோக வீடியோ கேமராக்கள் மிகக் குறைந்த மாடல்களில்தான் வருகின்றன. அந்த இடத்தை செல்போன் பிடித்துவிட்டது. நம்மில் ஒருவரிடம் ஓரளவு நல்ல செல்போன் இருந்தால், அதற்குப் பொருந்தும் மைக்கும் ஸ்டாண்டும் வாங்கினால் பாதி வேலை முடிந்தது. ஆறு மாதம் அதில் எடுத்துப் பழகுங்கள். அதன் பிறகும் கேமரா வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம்.

நம்மால் முடியுமா?

"எழுதப் படிக்கத் தெரியாதே, இதெல்லாம் நமக்கு வருமா?" என்று தயங்க வேண்டாம். 1984-ல் அகமதாபாத்தில் 'சேவா' அமைப்பு தன் உறுப்பினர்களுக்கு வீடியோ பயிற்சி கொடுத்தது. காய்கறி விற்றவர்களும் அதில் கற்றுக்கொண்டார்கள்.

தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் உள்ள பஸ்தாபூரில், டெக்கான் வளர்ச்சிச் சங்கத்தின் கிராமத்துப் பெண்கள் தங்கள் விவசாயத்தைத் தாங்களே படம் பிடித்தார்கள். கண்ணுக்கு நேராகக் கேமராவை வைத்து எடுப்பதற்கு 'சங்கம் ஷாட்' என்று பேர் வைத்தார்கள். சங்கத்தில் எல்லோரும் சமமாக உட்காருவது போல என்று அர்த்தம். நாமும் எடுக்கும்போது, உட்கார்ந்து பேசுபவர் முன் நாமும் உட்கார்ந்தே எடுப்போம். எடுக்கும் முன் "எடுக்கலாமாக்கா?" என்று கேட்போம். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம்.

எடுத்த அன்றே செய்ய வேண்டியது

வீட்டுக்குப் போகும் முன் இரண்டு நிமிடமாவது போட்டுப் பாருங்கள், கேளுங்கள். அன்றைக்கே இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். நகல் சரியாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகே கார்டை அழியுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

* கேமரா எதற்கு வேண்டும்? வருடத்தில் எத்தனை நாள் பயன்படும்?
* யார் பொறுப்பில் இருக்கும்? பழுதானால் யார் செலவு?
* உறுப்பினர் வீட்டு விசேஷத்துக்குக் கொடுத்தால் வாடகை எவ்வளவு?
* நம் ஊரில் யாருடைய பேச்சை முதலில் பதிவு செய்து வைக்கணும்?

முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் கேமரா வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு செல்போனை எடுத்துக்கொண்டு அந்தப் பாட்டி வீட்டுக்குப் போங்கள். ஃபேனை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.