விடுதி அறை ஏமாற்றினால்: பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

திருமணம், தைப்பூசம், மருத்துவமனை, விசா வேலை என்று கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வரும் நம்மவர்கள் பலரும் தங்குவது இரண்டு வட்டாரங்களில். ஒன்று கேஎல் சென்ட்ரலை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸ். மற்றொன்று கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா. வாழையிலைச் சாப்பாடும் பூக்கடையும் கோயிலும் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே அறை எடுப்பதில் தவறில்லை. ஆனால் மலிவு விடுதிகள் பல பழைய கடைவரிசைகளின் மாடியில் இருக்கின்றன. படியேறிப் போனால் ஒரு சின்ன கவுண்டர், குறுகிய நடை, வரிசையாகக் கதவுகள். சிலவற்றில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். சிலவற்றில் தாழ்ப்பாளே இருக்காது.

அறை மோசமாக இருந்தால் நாம் செய்வது இரண்டில் ஒன்று. "ஒரு ராத்திரிதானே" என்று பொறுத்துக்கொள்வோம். இல்லையென்றால் கவுண்டரில் சத்தம் போடுவோம். இரண்டாலும் ஒரு காசு திரும்ப வராது. பணத்தைத் திரும்ப வாங்கித் தருவது படமும் ரசீதும் எழுத்தில் போன புகாரும்தான். அவற்றைச் சேர்க்கிற வேலை, ஏமாந்த பிறகு அல்ல, முன்பதிவு செய்யும்போதே தொடங்குகிறது.

முன்பதிவுக்கு முன்

விலையைப் பார்ப்பதற்கு முன் அந்த அறைக்கு ஜன்னல் உண்டா என்று பாருங்கள். கோலாலம்பூரில் ஜன்னலே இல்லாத அறைகள் சாதாரணம். விளம்பரத்தில் ஓர் ஓரத்தில் அதைக் குறிப்பிட்டிருப்பார்கள். நாம் விலையை மட்டும் படித்துவிட்டுப் பணம் கட்டிவிடுவோம். அதற்குப் பிறகு "காற்றே வரவில்லை" என்று புகார் செய்தால் எடுபடாது.

முந்தைய விருந்தினர்களின் கருத்துகளில் மிகக் குறைந்த மதிப்பெண் கொடுத்தவை எவை என்று தேடி, அதிலும் அண்மையில் எழுதியவற்றை மட்டும் படியுங்கள். துண்டு அழுக்கு, காலை உணவு சுமார் என்பவற்றைத் தாண்டிப் போகலாம். பூட்டு, சாவி, காணாமல் போனது, யாரோ கதவைத் திறந்தார்கள் என்ற பேச்சு இரண்டு பேரிடம் வந்திருந்தால் அந்த விடுதி வேண்டாம்.

நட்சத்திரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். மலேசியாவில் விடுதிகளுக்கு 1 முதல் 5 வரை நட்சத்திரம் தருவது சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சு. சிறிய விடுதிகளுக்கு ஆர்க்கிட் தரம் என்று தனியாக ஒன்று உண்டு. முன்பதிவுத் தளம் போடும் நட்சத்திரம் வேறு, அமைச்சு கொடுப்பது வேறு. உரிமத்தைப் பொறுத்தவரை, கோலாலம்பூர் விடுதிகளுக்கென்றே 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; உரிமம் தருவது மாநகர் மன்றமான டிபிகேஎல். கிள்ளானில் அந்தப் பொறுப்பு அரச மாநகர் மன்றத்துடையது. உரிமம் கவுண்டர் சுவரில் தெரிய வேண்டும்.

முடிந்தால் கடன் அட்டையில் பணம் கட்டுங்கள். தகராறு வந்தால் வங்கியிடம் கட்டணத்தை மறுத்து எழுத ஒரு வழி இருக்கும். ரொக்கத்துக்கும் தனியார் கணக்குக்கு அனுப்பிய பணத்துக்கும் அது கிடையாது.

கவுண்டரில்

பணம் கட்டும் முன் அறையைப் பார்க்கக் கேளுங்கள். "போலே தெங்கோக் பிலிக் டூலு?" என்று சிரித்தபடி கேட்டால் பெரும்பாலும் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். மறுத்தால், ஏன் மறுக்கிறார்கள் என்று யோசிக்கலாம்.

அடையாள அட்டையையோ கடப்பிதழையோ பிணையாக வைத்துக்கொள்ள விடாதீர்கள். விருந்தினர் விவரத்தைப் பதிவு செய்வது விடுதியின் சட்டக் கடமை. 1965ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் உண்டு. ஆகவே விவரம் கேட்பது சரி, பார்த்து எழுதிக்கொள்வதும் சரி. ஆனால் மைகார்டை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டுவதற்கு அவர்களுக்கு அதிகாரம் இல்லை. நகல் எடுத்தால் அதன் குறுக்கே இரண்டு கோடு கிழித்து, "விடுதிப் பதிவுக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். வங்கியில் செய்வதுதானே, இங்கேயும் செய்யலாம்.

முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கு ஒன்று சொல்லி வையுங்கள்: வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. 2017 செப்டம்பரில் வந்தது. இணையத்தில் காட்டிய விலையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. ஆகவே அதைக் கேட்டதும் ஏமாற்று என்று சண்டைக்குப் போக வேண்டாம். மலேசியர்களுக்கும் நிரந்தர வசிப்பாளர்களுக்கும் இந்த வரி கிடையாது. அவர்களிடம் கேட்டால் அப்போது கேள்வி கேட்கலாம்.

அறைக்குள் முதல் பத்து நிமிடம்

பெட்டியைக் கட்டில்மேல் வைக்காதீர்கள். குளியலறைத் தரையில் வையுங்கள். பிறகு மெத்தை விரிப்பைத் தலைமாட்டில் தூக்கி, தையல் ஓரத்தைக் கைப்பேசி வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. அந்த அறையில் மட்டுமல்ல, ஒட்டிய அறையிலும் இருக்கக்கூடும் என்பதால், மாற்று அறை கேட்டால் வேறு தளத்தில் கேளுங்கள்.

அடுத்தது கதவு. உள்ளிருந்து சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, ஒருவரை வெளியிலிருந்து தள்ளச் சொல்லிப் பாருங்கள். தாழ்ப்பாளைப் பிடித்திருக்கும் திருகாணிகள் ஆடினால் அது பெயருக்குத்தான் இருக்கிறது. பக்கத்து அறைக்கு உள்கதவு இருந்தால் அது பூட்டியிருக்கிறதா, ஜன்னல் பொது நடைக்கோ பின்சந்துப் படிக்கோ திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மின்னட்டைப் பூட்டு என்றால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. சாஃப்லாக் என்ற வகைப் பூட்டுகளைப் போலி அட்டைகளைக் கொண்டு திறக்க முடியும் என்பதை ஆய்வாளர்கள் 2024 மார்ச்சில் வெளியிட்டார்கள். 131 நாடுகளில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கதவுகளில் அந்தப் பூட்டு இருந்தது. மின்னணுவில் இயங்கும் உள்தாழ்கூட அதில் திறந்துகொண்டது. கையால் மாட்டும் சங்கிலிதான் அப்படித் திறக்காது. போலி அட்டை வரை போவானேன், எத்தனையோ மலிவு விடுதிகளில் மாற்றுச் சாவி கவுண்டர் ஆணியில் தொங்குகிறது.

அலமாரிக்குள் இருக்கும் சின்னப் பெட்டகத்தை இரண்டு கையாலும் அசைத்துப் பாருங்கள். கையோடு வந்தால், திருடனுக்குத் தூக்கிக்கொண்டு போக வசதியாக நாமே எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக் கொடுத்தது போலாகும். கல்யாணத்துக்குக் கிள்ளான் வருகிறவர்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன்: நகையை அறையில் வைக்காதீர்கள். உள்ளூர் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். முடியாவிட்டால் விடுதி நிர்வாகத்திடம் பாதுகாப்புக்கென்று ஒப்படைத்து, பட்டியலோடு ரசீது வாங்குங்கள். அந்த ரசீதுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்பது கீழே வருகிறது.

கடைசியாக, அவசரப் படிக்கட்டு எங்கே இருக்கிறது, அதன் கதவு திறக்கிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள். பூட்டி வைத்திருந்தால் அந்த விடுதியில் தங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

குறை கண்டதையெல்லாம் அப்போதே படம் எடுங்கள்.

சேவை சரியில்லை என்றால்

இரவு கவுண்டரில் இருப்பவர் பெரும்பாலும் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு தொழிலாளி, சில நேரம் வெளிநாட்டவர். பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் அவரிடம் இல்லை. அவரிடம் கத்துவதால் நமக்குத்தான் தொண்டை வறளும். நிர்வாகியின் பெயரையும் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

கேட்பதை ஒன்றாகக் கேளுங்கள்: சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் அறையை மாற்றுங்கள், அதுவும் முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். வாயால் சொன்னதையே வாட்ஸ்அப்பில் விடுதி எண்ணுக்குப் படங்களோடு அனுப்பிவிடுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ நான்கு வரி போதும்; நேரமும் தேதியும் தானாகப் பதிவாகிவிடும்.

அறை தங்கவே லாயக்கில்லை என்றால் உடனே காலி செய்யுங்கள். விடிய விடியத் தூங்கிவிட்டுக் காலையில் முழுப் பணத்தையும் கேட்பது எங்கேயும் நிற்காது. தங்கியே ஆக வேண்டிய நிலை என்றால் ஒரு பகுதியைக் கேளுங்கள், அதுதான் நியாயமும்கூட.

"பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்ற பலகையைக் காட்டுவார்கள். மனம் மாறி வராமல் போனவருக்கு அது பொருந்தலாம். ஆனால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் அதைத் தர வேண்டும். அந்த உரிமையை ஒரு பலகை மாட்டியோ ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோ பறிக்க முடியாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் முதலாளி நம்மவராகவே இருப்பார். "என்ன அண்ணே, நம்ம ஆளுங்கதானே" என்பார். பணம் வாங்கும்போது அந்த உறவு அவருக்கு ஞாபகம் வரவில்லை என்றால், புகார் எழுதும்போது நமக்கும் வர வேண்டியதில்லை.

பொருள் காணாமல் போனால்

அறையில் எதையும் ஒழுங்குபடுத்தாதீர்கள். படம் எடுத்துவிட்டு நிர்வாகியைக் கூப்பிடுங்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். பழைய பதிவின் மேலேயே புதியது எழுதிக்கொண்டு போகும் கருவிகள் அவை, தாமதித்தால் ஒன்றும் மிஞ்சாது.

அன்றைக்கே போலீஸ் புகார் கொடுங்கள். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். ஆனால் விசாரணை அந்த இடத்துக்குரிய மாவட்டக் காவல் தலைமையகத்துக்குத்தான் போகும். கிள்ளானில் வடக்கு, தெற்கு என்று இரண்டு உண்டு. உங்கள் விடுதி எதில் வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். புகாரின் நகல் இல்லாமல் பயணக் காப்புறுதி நகராது. கடப்பிதழ் போயிருந்தால் தூதரகமும் அதைத்தான் முதலில் கேட்கும்.

"உங்கள் பொருளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற அறிவிப்பைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். விருந்தினர் பொருளுக்கு விடுதிக்காரர் பொறுப்பு என்பது 1584இல் இங்கிலாந்தில் கேலி என்பவரின் வழக்கிலேயே சொல்லப்பட்ட பழைய நெறி. 1863இல் அங்கே ஒரு சட்டம் அந்தப் பொறுப்புக்கு உச்சவரம்பு போட்டது. அதே வழியில் வந்ததுதான் இங்குள்ள 1952ஆம் ஆண்டு விடுதிக்காரர் சட்டம். உச்சவரம்பு விடுதிக்குச் சாதகம்தான். ஆனால் இரண்டு நிலைகளில் அது உதவாது: விடுதிக்காரரோ அவர் ஊழியரோ வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ பொருள் போக வைத்தால், பாதுகாப்புக்கென்றே அவரிடம் ஒப்படைத்த பொருள் போனால். நகைக்கு ரசீது வாங்கச் சொன்னதும், ஆடும் தாழ்ப்பாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னதும் இதற்காகத்தான்.

வீடு திரும்பிய பிறகு

நிர்வாகத்துக்கு ஒரு கடிதம்: என்ன நடந்தது, எவ்வளவு வேண்டும், எந்தத் தேதிக்குள். இரண்டு வாரம் கொடுங்கள். அட்டையில் கட்டியிருந்தால் வங்கிக்கும் உடனே எழுதுங்கள், அதற்குக் கெடு குறுகியது. உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 எண்ணில் புகார் செய்யலாம். பெட்டாலிங் ஜெயாவில் தேசியப் பயனீட்டாளர் புகார் மையமும் இருக்கிறது. அழுக்கு, பூச்சி, உரிமம் பற்றிய குறைகள் மாநகர் மன்றத்துக்குப் போக வேண்டும்.

எதற்கும் அசையவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மலாயில் திரிபுனால் துந்துத்தான் பெங்குனா என்று பெயர்ப்பலகையில் இருக்கும். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. விடுதித் தரப்பும் வழக்கறிஞர் இல்லாமல்தான் பதில் சொல்ல வேண்டும். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் அதன்படி நடக்காவிட்டால் அது குற்றம், சிறைவரை போகும்.

நிரப்ப வேண்டியது முதலாம் எண் படிவம். ரசீது, படங்கள், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சு, போலீஸ் புகார் ஆகியவற்றின் நகலை எடுத்துக்கொண்டு, மூலத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விசாரணை நாளில் தவறாமல் போங்கள். கோரியவரே வராவிட்டால் கோரிக்கை தள்ளுபடியாகிவிடும்.