உள்ளே நன்றாக இருக்கிறது என்றார்கள். சதை ஏன் எடுத்தார்கள்?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. ஒரு வருடமாக அடிக்கடி வயிற்றுப்போக்கு. வயிறு உப்பிக்கொள்கிறது, வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை. டானிக் கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை. போன வாரம் மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோபி செய்தார்கள். "பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, பல இடங்களில் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நன்றாக இருந்தால் சதை எதற்கு? கேன்சர் சந்தேகமா, பில்லை ஏற்றவா என்று வீட்டில் ஒரே பேச்சு. என் கணவர் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வெல்டிங் பிரிவில் இருக்கிறார். பக்கத்து போர்ஷனில் குடியிருக்கும் பீகார் குடும்பத்துப் பையனுக்குக் கோதுமையே ஆகாது என்று சொல்லிவிட்டார்களாம். நானும் சப்பாத்தியை நிறுத்திவிடட்டுமா?
– ஒரு தாய், சுங்குவார்சத்திரம்

பதில்: கேன்சர் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள், அம்மா. குழந்தைகளின் இரைப்பையிலும் சிறுகுடலிலும் புற்றுநோய் மிக மிக அரிது. உங்கள் மகள் மாதிரிக் குழந்தைகளிடம் நாங்கள் தேடுவது சத்தை உறிஞ்சவிடாத நோய், ஒவ்வாமை, அழற்சி, ஜியார்டியா போன்ற கிருமி ஆகியவற்றைத்தான்.

பார்க்க நன்றாக இருந்தும் சதை எதற்கு என்பதை உங்கள் கணவரிடமே கேட்கலாம். வெல்டிங் மேலே பளபளவென்று இருந்தாலும், ஒரு துண்டை அறுத்துப் பார்த்தால்தானே உள்ளே பிடித்திருக்கிறதா என்று தெரியும்? எண்டோஸ்கோபியின் கேமரா காட்டுவது மேல்பரப்பை மட்டும்தான். குழந்தைகளின் பல குடல் நோய்களில் ஆரம்பத்தில் மேல்பரப்பு மாறுவதில்லை. நுண்ணோக்கியில்தான் கோளாறு தெரியும். இயோசினோஃபில் அணுக்கள் உணவுக்குழாயில் குவிகிற ஒவ்வாமை நோய் ஒன்று உண்டு. நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் புலத்தில் அந்த அணுக்கள் 15-க்குக் குறையாமல் இருக்கின்றனவா என்று எண்ணித்தான் அதை முடிவு செய்கிறோம். கேமராவால் அதை எண்ண முடியாது.

பல இடங்களில் எடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. இந்தப் பாதிப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது, திட்டுத் திட்டாக வரும். சீலியாக் என்கிற கோதுமை ஒவ்வாத நோயைத் தேடினால், முன்சிறுகுடலின் தொடக்கத்தில் குறைந்தது ஒன்றும், அதைத் தாண்டிக் குறைந்தது நான்கும் எடுக்க வேண்டும். உணவுக்குழாய் என்றால் குறைந்தது ஆறு. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். குடலின் உள்தோலில் கிள்ளுவது வலிக்காது, அந்த இடம் சில நாட்களில் ஆறிவிடும். குறைவாக எடுத்து நோய் தப்பிவிட்டால், குழந்தைக்கு மறுபடி மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும். அதுதான் வீண் செலவு.

அதே சமயம், வயிறு வலிக்கிறது என்று வரும் எல்லாக் குழந்தைக்கும் எண்டோஸ்கோபி தேவையில்லை. தொப்புளைச் சுற்றி வலி மட்டும் இருந்து, எடை ஏறி, மலம் சரியாகப் போய், விளையாடித் திரியும் பிள்ளையை விட்டுவிடலாம். உங்கள் மகளுக்கு வளர்ச்சி நின்றிருக்கிறது, டானிக்குக்கும் ரத்தம் ஏறவில்லை. அதனால் செய்தது சரியே.

இனி சப்பாத்தி. பக்கத்து வீட்டுப் பையனுக்கு முடிவு தெரிந்திருக்கும், உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. சீலியாக் நோய் பெரியவர்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று மூன்று பகுதிகளில் பார்த்த ஆய்வு 2016-இல் வெளியானது. ரத்தத்தில் அந்த நோயின் அடையாளமான எதிர்ப்புரதம் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேரிடமும், தெற்கே வேலூர் பக்கம் 0.10 சதவீதம் பேரிடமும் இருந்தது. நாம் அரிசி சாப்பிடுகிறவர்கள் என்பது ஒரு முக்கியக் காரணம். ஆனால் ஒரகடம் பக்கம் இப்போது பீகார், ஒடிசா குடும்பங்களும் உள்ளூர்க் குடும்பங்களும் ஒரே காம்பவுண்டில் வாழ்கின்றன. நம் வீட்டிலும் ராத்திரிச் சாப்பாடு சப்பாத்தி, பரோட்டா என்று மாறிவிட்டது. ஆகவே தமிழ்க் குழந்தைக்கு வராது என்று ஒதுக்கவும் கூடாது, வந்துவிட்டது என்று அவசரப்படவும் கூடாது. கோதுமையை நிறுத்தினால் ரத்தத்தில் இருக்கும் அந்த அடையாளம் மறையத் தொடங்கும், குடலும் தேறத் தொடங்கும். மேற்கொண்டு செய்யும் டெஸ்ட் எதையும் நம்ப முடியாது. முடிவு வரும் வரை வழக்கம்போல் சாப்பிடட்டும்.

ரிப்போர்ட் வந்ததும் அதைத் தனியாக வைத்து முடிவெடுக்க வேண்டாம். "குடலுறிஞ்சிகள் (சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் நுண் நீட்சிகள்) லேசாகக் குட்டையாக உள்ளன" என்று அதில் இருக்கலாம். அதை மட்டும் வைத்து ஆயுள் முழுக்கக் கோதுமை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஏனென்றால் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1960-களிலேயே பார்த்த விஷயம் இது: மேல்நாட்டுப் பாடநூல்களில் விரல்போல் இருக்கும் குடலுறிஞ்சிகள், நம் பக்கத்து ஆரோக்கியமானவர்களிடமே இலைபோல அகன்று இருப்பதுண்டு. டிடிஜி என்கிற ரத்தப் பரிசோதனையும் செய்து இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும். அந்த அளவு இயல்பைப் போல் பத்து மடங்குக்கு மேல் போய், இன்னொரு ரத்த மாதிரியும் அதை உறுதி செய்தால் சதை எடுக்கும் பயாப்சியே வேண்டாம் என்று 2020-இல் ஐரோப்பியக் குழந்தைக் குடல்நோய் மருத்துவர்கள் வழிகாட்டினார்கள். இங்கே ஆய்வுக்கூடங்களுக்கிடையே தரம் வேறுபடுவதால், எங்களில் பலர் இன்னும் சதையையும் பார்த்தே முடிவு சொல்கிறோம்.

சீலியாக் இல்லை என்று வந்து, வயிற்றுப்போக்கு தொடர்ந்தால் பெருங்குடல் பக்கமிருந்தும் பார்க்கச் சொல்லலாம். நம் ஊரில் குடல் காசநோயும் கிரோன்ஸ் என்கிற குடல் அழற்சி நோயும் ஒன்றைப்போல் ஒன்று இருந்து குழப்பும். அப்போது ஒரு துண்டை ஃபார்மலினில் போடாமல் உப்புநீரில் தனியாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஃபார்மலின் காசநோய்க் கிருமியைக் கொன்றுவிடும், பிறகு அதை வளர்த்துப் பார்க்க முடியாது.

கணவருக்கு இ.எஸ்.ஐ. இருந்தால் மகளுக்கும் அந்த உரிமை உண்டு. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலும் குடல் நோய்ப் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும் பயாப்சி ரிப்போர்ட்டின் நகலை வாங்கி வையுங்கள். ஆய்வுக்கூடத்தில் மெழுகுக் கட்டியாகப் பத்திரப்படுத்திய சதை இருக்கும். சந்தேகம் வந்தால் குழந்தையை மறுபடி படுக்க வைக்காமல் அதையே இன்னொரு நிபுணரிடம் காட்டலாம்.